கூடம், வாசல், மொட்டை மாடி: லிங்கராஜபுரத்து லென்ஸ் திணைகள்

1. ஆய்வுச் சிக்கல்

முகப்படம் எடுக்க லென்ஸ் வாங்குவது பற்றி அறிவுரைகள் ஏராளம். அறிவுரைத்தவர் எவருக்கும் முதுகுப்பக்கம் சுவர் இருந்ததாகத் தெரியவில்லை. பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் சுவர் உண்டு. 20-க்கு 30 சைட்டில் கீழே ஓனர், மேலே இரண்டு வாடகைக் குடித்தனம், பக்கத்து வீட்டோடு ஒட்டிய ஜன்னலில்லாச் சுவர் என்று எழுந்த வீட்டில் கூடம் 10 அடி இருந்தால் அது பெரிய கூடம். எனவே முகப்பட லென்ஸைத் தீர்மானிப்பது வாங்குபவரின் ரசனையோ கடைக்காரரின் நாவன்மையோ அன்று, வாங்குபவரின் முதுகு இடிக்கும் இடமே என்பது இவ்வாய்வின் கருதுகோளாகும்.

ஆய்வு எல்லை க்ராப் சென்சார் கேமராவோடும், இ.எம்.ஐ. போடாமல் வாங்கக்கூடிய லென்ஸோடும் நிற்கிறது. ஜாதகத்தோடு அனுப்பவேண்டிய முகங்கள், முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகள், பாஸ்போர்ட் படத்தில் தம்மைத் தாமே அடையாளம் காண மறுக்கும் பெரியவர்கள் ஆகியோர் ஆய்வுக்களம்.

2. முன்னோர் ஆய்வுகள்

வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் முகப்படத்துக்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வகுத்தார். நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல், நிறைய வெளிச்சம். இன்றுவரை உலகம் கேட்பது இதைத்தான். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியோ 1850-களில் பெங்களூரில் இருந்துகொண்டே மனித முகங்களை அதிகம் சீண்டாமல், 1858-இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் போய்க் கோயில்களைப் படம்பிடித்தார். கோபுரம் கண் சிமிட்டாது. "குண்டாத் தெரியறேன், இன்னொண்ணு எடு" என்றும் சொல்லாது. அவருடைய தொலைநோக்கு இத்துறையில் போதிய அளவு பாராட்டப்படவில்லை.

3. கோட்பாடு

தொல்காப்பிய நெறிப்படி முதற்பொருள் நிலமும் பொழுதும். லென்ஸுக்கும் அஃதே.

முதலில் நிலம். 23.5 மி.மீ. நீளமுள்ள சென்சாரைச் செங்குத்தாகப் பிடித்து, உட்கார்ந்தவரின் இடுப்புக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தைப் படத்தில் அடக்க, 35 எம்.எம். லென்ஸுக்கு 5 அடி தள்ளி நிற்கவேண்டும். 50-க்கு 7 அடி. 85-க்கு 12 அடி. தலையிலிருந்து பட்டுப்பாவாடை ஓரம்வரை ஆளை முழுதாக எடுக்க, முறையே 10, 14, 24 அடி. இதிலிருந்து மூன்று திணைகள் பெறப்படும்.

கூடம்: 35-க்கு உரிய நிலம். 50-உம் வாழும், போட்டோ எடுப்பவர் ஷோகேஸில் சாய்ந்துகொள்ளச் சம்மதித்தால். 85-ஐ எடுத்தால் மார்புக்கு மேலே மட்டும் கிடைக்கும். புடவைக்குக் கொடுத்த காசு வீண்.

வாசல்: ஆள் படியில், எடுப்பவர் தெருவில். 50-க்கு உரியது. இடையே புகும் ஸ்கூட்டர்கள் இத்திணையின் கருப்பொருள்.

மொட்டை மாடி: 30 அடி நீளத்தில் சின்டெக்ஸ் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் போக எஞ்சுவது 85-க்குச் சரியாக இருக்கும். உரிப்பொருள், சிரிக்கச் சொன்னதும் முகம் இறுகுதல். இது முத்திணைக்கும் பொது.

கேமராவோடு வந்த 18-55, மூன்று நிலத்திலும் திரிவதால் திணைமயக்கம் எனப்படும்.

இனிப் பொழுது. அந்த 18-55, 55-க்கு நீண்டால் எஃப்/5.6; ஐம்பது எம்.எம். லென்ஸோ எஃப்/1.8. வெளிச்சத்தில் ஏறக்குறைய 10 மடங்கு வித்தியாசம். ஒரே டியூப்லைட்டும் திறந்த கதவும் உள்ள கூடத்தில், பழையது 1/10 விநாடி கேட்கும் இடத்தில் புதியது 1/100-இல் முடித்துவிடும். 1/10 விநாடிக்குள் ஒரு பெரியம்மா மூன்று பேரை அதட்டிவிட முடியும்.

4. தடையும் விடையும்

அற்றேல், 35-ஐயே வாங்கி மூக்குக்கு அருகே போய் எடுத்தாலென்னை எனின், ஆகாது. 60 செ.மீ. தூரத்தில் நின்றால், காதுக்கு 12 செ.மீ. முன்னே இருக்கும் மூக்கு அதனினும் 20% பெரிதாக விழும். ஒன்றரை மீட்டர் விலகினால் 8%-ஆகக் குறையும். முகத்தைக் கெடுப்பது லென்ஸன்று, நெருக்கம். உறவுகளுக்கும் இது பொருந்துமா என்பது வேறு துறையினர் ஆராய வேண்டியது.

அற்றேல், எஃப்/1.8-இல் பின்னணி மங்குவது குற்றமன்றோ எனின், இங்கே அறிஞர்கள் இரு பள்ளிகளாகப் பிரிவர். மங்கினால் அழகு என்பது இளைஞர் பள்ளி. அத்தைகளின் பள்ளியோ, "ஏன்டா கண்ணு, ஃப்ரிட்ஜு கலங்கலா இருக்கு, கேமரா ரிப்பேரா?" என்று கேட்கும். பின்னணி என்பது சொத்து விவரம் என்பது இப்பள்ளியின் அடிப்படைக் கொள்கை. ஒன்றரை மீட்டரில் 50 எம்.எம். எஃப்/1.8 கூர்மையாகக் காட்டும் ஆழம் சுமார் ஆறரை செ.மீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் ஜிமிக்கி போயிற்று. எஃப்/4-க்கு மாற்றினால் ஆழம் 14 செ.மீ.; ஜிமிக்கி பெருமளவு திரும்பி வரும், ஃப்ரிட்ஜ் இன்னதென்று தெரியும் அளவுக்குத் தேறும். எஃப்/4, இரு பள்ளிகளுக்குமான சமரசம்.

5. பர்ஸ் இடிக்கும் இடம்

கேனான் வைத்திருப்பவர்க்கு 50 எம்.எம். எஃப்/1.8. 1987-இல் முதற்பதிப்பு, 1990-இல் பிளாஸ்டிக் பிடியோடு இரண்டாம் பதிப்பு, 2015-இல் உலோகப் பிடி மீண்ட எஸ்.டி.எம். பதிப்பு. செகண்ட்ஹேண்டில் இரண்டாம் பதிப்பே மலிவு. நிக்கான்காரர், விலை குறைவென்று பழைய 50 எம்.எம். 'டி' வகையைத் தொடுமுன் தம் கேமராவைப் பார்க்க. 3000, 5000 வரிசைகளில் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'டி' லென்ஸிலும் கிடையாது. இருவரும் அடுத்தவர் செய்வாரென்று சும்மா இருப்பர், கையால் திருகவேண்டும். 2011-இல் வந்த 50 'ஜி', 2009-இல் வந்த 35 'ஜி' ஆகியவற்றுக்கு அக்குறை இல்லை.

கையால் திருக அஞ்சாதவர் சோவியத் நாட்டு ஹீலியோஸ் 58 எம்.எம். எஃப்/2-ஐ அடாப்டர் வளையத்தில் மாட்டலாம். நிக்கானில் வெறும் வளையத்தோடு மாட்டினால் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. கவலை வேண்டா, லிங்கராஜபுரத்தில் தூரம் என்பது மேம்பாலத்தில் ஏறினால்தான் தெரியும்.

பழையது எதுவாயினும், இரு மூடிகளையும் கழற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்க்க. உள்ளே வெண்மையாய் வேர்விட்டது போல் தெரிந்தால் பூஞ்சை. "தொடச்சாப் போயிடும் சார்" என்பார் விற்பவர். அவரையே துடைத்து வைத்திருக்கச் சொல்க.

6. முடிவுகள்

ஒன்று, கடைக்குப் போகுமுன் கூடத்தை டேப்பால் அளக்க. இரண்டு, இருப்பது ஒரு லென்ஸுக்கான காசே எனின் 50 வாங்குக. மூன்று நிலத்திலும் ஏதேனும் ஒரு படம் தரும். மூன்று, 85 வேண்டுமெனில் மாடிச் சாவியை ஓனர் தருவாரா என்று முதலில் கேட்க.

மேலாய்வுக்கு உரியது: ஒரு வயதுக் குழந்தையை ஆறரை செ.மீ. ஆழத்துக்குள் இரண்டு விநாடி நிறுத்துவது எப்படி? இதற்கான கருவியை எந்தக் கம்பெனியும் இதுவரை எந்த விலையிலும் விற்கவில்லை.