நூல் காக்கும் குற்றங்கள்: அல்பேனிய ஏட்டுப்பேழை இலக்கணம்

நூலுக்கு வரக்கூடாத குற்றம் பத்து என்று நன்னூலார் எண்ணிச் சொன்னார். அந்தப் பத்தும் எழுதுகிறவனைச் சேர்ந்தவை. எழுதி முடித்த நூலை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பவனுக்கு என்னென்ன குற்றம் உண்டு என்று எந்த இலக்கணக்காரரும் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்தது இச்சிற்றிலக்கணம். ஒரு விபரீதத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நன்னூலாரின் குற்றங்கள் தள்ளத்தக்கவை. இங்கே வருபவை கொள்ளத்தக்கவை. இவை இல்லாவிட்டால் பேழையில் பூச்சிகூட மிஞ்சியிராது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவர்கள் அல்பேனியர். இலக்கணம் செய்பவனுக்கு இவர்களைப்போல் வாய்ப்பான மக்கள் பால்கனில் வேறில்லை. ஒரே மொழியை லத்தீன் எழுத்திலும் கிரேக்க எழுத்திலும் அரபு எழுத்திலும் எழுதினார்கள். அதுவும் போதாமல் எல்பசான் நகரத்தார் தங்களுக்கென்று ஓர் எழுத்தைப் புனைந்தார்கள். வித்குச்சி ஊர்க்காரர் நௌம் வெச்சில்ஹர்ஜி 1844இல் இன்னொன்றை அச்சேற்றினார். 1908 நவம்பரில் மனாஸ்திர் நகரில் மாநாடு கூட்டித்தான் லத்தீன் எழுத்தே போதும் என்று தீர்த்தார்கள். தனி நாடு 1912இல் வந்தது, தேசிய நூலகம் அதற்கும் பிறகு. அதாவது அலமாரி வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே நூல் வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த நூல்கள் எங்கேயோ, யாருடைய குற்றத்தின் நிழலிலோ தங்கியிருக்க வேண்டும் அல்லவா? அதை வகுக்கும் நூற்பா இது:

மறந்து வைத்தல் மறைத்து வைத்தல்
பறித்து வைத்தல் பிறிதொன்று தேடி
எடுத்து வைத்தல் ஏங்கி வைத்தலென்று
அடுக்கிய ஐந்தும் நூல்காப் பாகும்.

ஐந்தில் ஒன்றிலும் அன்பு வரவில்லையே எனின், வாராது. அன்பு நூலைத் தொகுக்கும். தொகுத்தவரும் காத்தவரும் ஒருவராக இருப்பது அரிது என்பதே இவ்விலக்கணத்தின் உயிர்நிலை.

முதலாவது, மறந்து வைத்தல். வத்திக்கான் நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. அல்பேனிய மொழியில் அச்சான நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் அதுவே மூத்தது. ஜோன் புசுகு என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1554 மார்ச் 20 அன்று தொடங்கி 1555 ஜனவரி 5 அன்று முடித்த பூசைநூல். நாள் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், புசுகுவே கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவையடக்கமும் அங்கேதான் வருகிறது. நம் புலவர்கள் முன்னால் வைப்பதை அவர் பின்னால் வைத்தது புத்திசாலித்தனம். ஏனெனில் நூலின் முன்பக்கங்கள் போய்விட்டன. தலைப்புப் பக்கம் உட்பட முதல் பதினாறு பக்கங்கள் இல்லை. இன்று எல்லோரும் சொல்லும் ‘மெஷாரி’ என்ற பெயர் பின்வந்த அறிஞர்கள் இட்டது. உலகத்தில் இருப்பது இந்த ஒரே பிரதி.

1740இல் ஸ்கோப்யேயின் பேராயர் ஜோன் நிக்கோலா கஸாசி உரோமாபுரியில் இதைக் கண்டெடுத்தார். கண்டெடுத்த பின் உலகம் அதை மறுபடி மறந்தது. 1909 வாக்கில், இத்தாலியில் குடியேறிய அல்பேனியர் வழிவந்த ஆயர் பால் ஸ்கிரோய் மறுபடி கண்டெடுத்தார். இதை ‘இரட்டை மறதி’ எனப் பெயரிட்டுத் தனி உட்பிரிவாக்குகிறேன். நூற்றறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் யாரும் தேடி வந்து புரட்டாததுதான் இந்நூலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பராமரிப்பு என்பது என் துணிபு. வாசகர்கள் வரத் தொடங்கியிருந்தால் பதினாறோடு நின்றிருக்குமா?

மறதிக்குச் சிறு வகைகளும் உண்டு. 1462இல் துர்ரஸ் பேராயர் பால் எஞ்செலி லத்தீனில் எழுதிய கடிதமொன்றின் நடுவே, குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவர முடியாதவர்கள் வீட்டிலேயே சொல்லி ஞானஸ்நானம் செய்வதற்காக ஒரே ஒரு வாக்கியத்தை அல்பேனிய மொழியில் வைத்தார். அந்த ஒரு வரி புளோரன்ஸ் நகரத்து லாரன்சியானா நூலகத்தில் உறங்கி, 1915இல் ருமேனிய வரலாற்றாசிரியர் நிக்கோலாய் யோர்கா கண்ணில் பட்டது. இன்னொருவர் ஆர்னோல்ட் ஃபான் ஹார்ஃப். 1496இல் கொலோனிலிருந்து புனிதப் பயணம் கிளம்பிய இந்த ஜெர்மானியப் பிரபு துர்ரசில் இறங்கிய நேரத்தில் 26 சொல், 8 தொடர், 12 எண் குறித்துக்கொண்டார். எண்களில் காட்டிய அக்கறையைப் பார்த்தால் சந்தைக்குப் போகத்தான் அவசரம் போலிருக்கிறது.

இரண்டாவது, மறைத்து வைத்தல். இதற்கு உரை சுருக்கமே போதும். பெராத் நகரத்துக் கோட்டைக்குள் கிறிஸ்தவர்கள் காத்துவந்த சுவடி ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருஞ்சிவப்புத் தோலில் வெள்ளி மையால் எழுதிய மத்தேயு, மாற்கு சுவிசேஷங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படையினர் இதைக் கேட்டு வந்தபோது ஊரார் ஒளித்துவிட்டார்கள். அச்சம் நல்ல பூட்டு. வேடிக்கை அதற்குப் பின்னால் நடந்தது. அல்பேனியா 1967இல் மதங்களைத் தடைசெய்தது. கோயில்களும் மசூதிகளும் மூடப்பட்டன. தடைசெய்த அதே அரசு 1970களில் அந்த சுவிசேஷத்தைச் செப்பனிட மாவோவின் சீனாவுக்கு அனுப்பியது. 1968இல் புசுகுவின் பூசைநூலை எக்ரம் சாபேயின் ஆய்வுரையோடு அச்சிட்டதும் தலைநகர் திரானாவின் அதே அரசுதான். பூசை செய்தால் சிறை, பூசைநூலைப் பதிப்பித்தால் புலமை. பெராத் சுவடி கிரேக்க மொழியில் உள்ளது, அதை அல்பேனியப் பேழையில் எப்படிச் சேர்ப்பது என்று மாணாக்கன் கேட்பான். ஒளித்தவர் மொழியால் சேர்க்க.

மூன்றாவதான பறித்து வைத்தல்தான் இவ்விலக்கணத்தில் மிகப் பெரிய இயல். எல்பசான்காரர் லெஃப் நோசி. 1912இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், முதல் அரசில் தபால் தந்தி அமைச்சர், மற்ற நேரமெல்லாம் பழைய தாள் பொறுக்குபவர். முன்னே சொன்ன எல்பசான் எழுத்து இருக்கிறதே, அதில் எழுதப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டு சுவிசேஷக் கைப்படி அவர் கைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆட்சிப் பேராயத்தில் உறுப்பினராக இருந்த குற்றத்துக்காகப் புதிய அரசு 1946இல் அவரைச் சுட்டுக் கொன்றது. தாள்களைச் சுடவில்லை. அந்தக் கைப்படி இன்று திரானாவில் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்தவர் மித்ஹத் ஃப்ராஷரி. தம் புனைபெயரான லூமோ ஸ்கெந்தோ என்பதையே பெயராக வைத்து திரானாவில் புத்தகக் கடை நடத்தியவர். கம்யூனிஸ்டுகளை எதிர்த்த தேசிய முன்னணியின் தலைவர். 1944இல் நாட்டைவிட்டுப் போகும்போது சுமார் 20,000 நூல்கள் கொண்ட சொந்த நூலகத்தை விட்டுப் போனார். 1949இல் நியூயார்க்கில் இறந்தார். அவரைத் துரோகி என்று பாடநூலில் எழுதிய நாட்டின் தேசிய நூலகத்தில், அல்பேனியரைப் பற்றி உலகம் எழுதியவற்றைத் தொகுத்த பகுதிக்கு அவர் நூல்களே அடித்தளம். பகைவனைத் தூற்றி எழுத வேண்டிய ஆராய்ச்சியாளனும் மேற்கோளுக்குப் பகைவனின் அலமாரிக்கே போக வேண்டியிருந்தது.

இவ்வகைக்குக் காரணமான குற்றம் யாது? பேராசை என்பார் சிலர். அற்றன்று. சந்தேகம். சந்தேகப்படுகிறவன் எதையும் எறிய மாட்டான். ஒவ்வொரு தாளும் ஒருநாள் யாருக்காவது எதிரான சாட்சியாகலாம். ஆகையால் எண் போட்டு, பெட்டியில் அடுக்கி, அனுமதிச் சீட்டு இல்லாதவர் தொடாதபடி வைப்பான். சிறந்த நூலகருக்கும் இதே மூன்று இலக்கணம்தான் என்பது சொல்லிக்கொள்ளச் சற்றுச் சங்கடமான ஒற்றுமை.

பறிப்பதில் திரானாவுக்கு முன்னோடி வியன்னா. நோர்பர்ட் யோக்கல் வியன்னாப் பல்கலைக்கழக நூலகத்தில் நூலகர், அல்பேனிய மொழியியலில் ஐரோப்பா மதித்த பெரும் பெயர், யூதர். 1938இல் பதவி பறிபோனது. 1942இல் நாஜிகளின் கைதியாக உயிர் போனது. அவர் உயிருக்காக வாதாடியவர்களைவிட அவர் நூலகத்துக்காகப் போட்டியிட்டவர்களின் குரல் ஓங்கியிருந்தது; நூல்கள் வியன்னா தேசிய நூலகத்துக்குப் போயின. ஆயுள் முழுதும் பிறர் நூல்களுக்குப் பட்டியல் போட்டவரின் நூல்களுக்கு, அவரைக் கொன்ற அரசின் ஆட்கள் பட்டியல் போட்டார்கள். இந்த இடத்தில் உரை எழுதுபவனுக்கு ‘நகைச்சுவை’ என்ற குறிப்பு எழுதக் கை வரவில்லை.

நான்காவது, பிறிதொன்று தேடி எடுத்து வைத்தல். மில்மன் பாரி என்ற ஹார்வர்ட் ஆசிரியருக்கு அல்பேனியர் மேல் தனி ஆர்வம் எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது ஹோமர். எழுத்தறியாத பாணன் ஆயிரக்கணக்கான அடிகளை எப்படிக் கட்டுகிறான் என்று நேரில் காண 1933க்கும் 1935க்கும் இடையே யூகோஸ்லாவிய மலைகளில் அலுமினியத் தட்டுகளில் பாட்டுப் பதிந்தார். 3,500க்கு மேற்பட்ட தட்டுகள் சேர்ந்தன. நோவி பசாரில் அவருக்குக் கிடைத்த பாணர்களில் சாலிஹ் உக்லியானின் இரு மொழிகளில் பாட வல்லவர், அல்பேனியம் அவற்றில் ஒன்று. பாரி 1935 டிசம்பரில் துப்பாக்கி வெடித்து இறந்தார். மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1937இல் வட அல்பேனிய மலைக்குப் போய் நூறளவில் பாட்டுகளை எழுதி வாங்கி வந்தார். அவை ஹார்வர்டின் வைட்னர் நூலகத்தில் இருக்கின்றன. புத்தகமாகத் திரண்டது 2021இல்தான். தேடியது ஹோமரை, கிடைத்தது மலைக்காரரை.

பிரான்ஸ் நோப்சாவையும் இங்கேயே அடைக்கலாம். டைனோசர் எலும்பு ஆராய்ந்த ஹங்கேரியக் கோமான், அல்பேனிய மலைச்சட்டங்களைப் பற்றி எழுதியவர், 1913இல் அல்பேனியாவுக்கு ராஜாவாக வரத் தயார் என்று தாமே முன்வந்தவர். செலவுக்கு என்ன செய்வது? ராஜாவானதும் பணக்கார அமெரிக்கப் பெண் யாரையாவது கட்டிக்கொள்வது என்று திட்டம். சிங்காசனம் கிடைக்கவில்லை. கையெழுத்துப் படிகள் வியன்னா தேசிய நூலகத்துக்குக் கிடைத்தன. இவரை வகுப்பது கடினம், ஏனெனில் இவர் தேடியது எது என்று இவருக்கே தெளிவில்லை.

ஐந்தாவது, ஏங்கி வைத்தல். பாஸ்டன் நகரம். ஆலைகளில் வேலைசெய்த அல்பேனியக் குடியேறிகளுக்காக ஃபான் நோலி 1908 மார்ச்சில் அங்கே அல்பேனிய மொழியில் முதல் வழிபாடு நடத்தினார். அடுத்த ஆண்டு ‘தியெல்லி’ பத்திரிகை தொடங்கியது. ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்த நோலி தாய்நாடு போய், 1924இல் ஆறு மாதம் பிரதமராக இருந்து, துரத்தப்பட்டு, பின்னர் மறுபடி பாஸ்டனுக்கே வந்தார். அவர் பெயரால் தெற்கு பாஸ்டனில் நூலகம் ஒன்று இருக்கிறது. ஏக்கம் எல்லாவற்றையும் சேர்க்கும்: பழைய இதழ், சங்கக் கணக்கு, கூட்ட அறிவிப்பு. ஊரில் இருந்திருந்தால் இவற்றில் பாதியை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

எதிர்மறையும் கூறுக. கொசோவோவின் தேசிய நூலகம் ஆந்திரியா முட்னியாகோவிச் வரைந்து 1982இல் திறந்த கட்டடம்: தொண்ணூற்றொன்பது வெள்ளைக் கும்மட்டங்கள், சுவரெங்கும் உலோக வலை. 1990களில் அல்பேனியப் பணியாளர்களை வெளியேற்றினார்கள். அல்பேனிய மொழி நூல்கள் லிப்லியான் காகித ஆலைக்குப் போய்க் கூழாயின. 1999 போரில் ஊர் நூலகங்கள் பல எரிந்தன. அந்த ஆண்டே ஹார்வர்டின் நூலகர் ஆந்த்ராஷ் ரீட்ல்மாயர், ஆண்ட்ரூ ஹெர்ஷரோடு போய்ச் சேதத்தைப் பதிவு செய்து, பின்னர் ஹேக் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். இங்கே இலக்கணக்காரன் தலைகுனிய ஒன்று உண்டு. ஒரு மொழி நூல்களை மட்டும் கூழுக்கு அனுப்ப வேண்டுமென்றால், யாரோ ஒருவர் அலமாரி அலமாரியாக நின்று மொழிவாரியாகப் பிரித்திருக்க வேண்டும். அதுவும் வகைப்படுத்தல்தான்.

புறனடை. ஷ்கோதர் நகரத்து மருபி நிழற்படத் தொகுப்பு ஐந்திலும் அடங்காது. கரிபால்டியின் ஆதரவாளராய் இருந்து இத்தாலியைவிட்டு ஓடிவந்த பியத்ரோ மருபி 1850களில் அங்கே ஸ்டூடியோ வைத்தார். பிள்ளை இல்லை. பழகிய குடும்பத்துப் பையன் கெல் கொதேலி தொழிலோடு மருபி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டார். அவர் மகன் கெகா பிரான்சில் லூமியேர் சகோதரர்களின் பள்ளியில் படித்துத் திரும்பினார். மலைத்தலைவர், வியாபாரி, மணப்பெண் என்று மூன்று தலைமுறை எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் 1970இல் அரசுக்குப் போயின. மற்ற ஸ்டூடியோக்களுடையதும் சேர்ந்து இன்று ஐந்து லட்சம். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை எதற்காக வைத்திருப்பார்? வாடிக்கையாளர் இன்னொரு பிரதி கேட்டு வருவார் என்றுதான். மறதியோ அச்சமோ சந்தேகமோ ஏக்கமோ இங்கில்லை. ஆகவே ‘விற்று வைத்தலும் வரைநிலை இன்றே’ என்று ஆறாவதைப் புறனடையாகக் கொள்க; நூற்பாவுக்குள் நுழைத்தால் சீர் இடறும். 2016இல் அதற்குத் தேசிய அருங்காட்சியகம் கட்டியவர்கள் தொழில் என்னாமல் கலை என்று பெயரிட்டு, வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கிறார்கள். சீட்டுக்குக் காசு வாங்குவதால் புறனடைக்குப் பங்கமில்லை.