மனத்துக்கு உகந்த விளையாட்டு

கேள்வி: கணினி விளையாட்டுகளில் தங்களுக்கு மிகவும் பிரியமானவை எவை, ஐயா? என் மகனுக்கும் சொல்ல வேண்டும். (ஒரு வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: முதல் ஆசனத்தை, டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனத்தார் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’வுக்கே ஐயமின்றி அளிப்பேன். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த்தாய், சிதைந்துபோன சமையற்குறிப்பேட்டின் அழிந்த வரிகளை நாம் ஊகித்துத் தர, இட்டலியும் புட்டும் சமைத்துக்கொண்டே, தாய்மொழியினின்று மெல்ல விலகும் தன் மகனைப் பற்றிக்கொள்ள முயலும் அக்கதையில், ஆயுதமும் இல்லை, சத்துருவும் இல்லை. எனினும் அசுரனை வதைப்பதினும் இட்டலியைப் பதமாக அவிப்பது கடினம் என்பதைச் சமைத்தவர் அறிவர். 2024-இல் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. ரப்பர்த் தோட்டத்து லயங்களை விட்டு ஈப்போவுக்குப் பெயர்ந்த குடும்பங்களில், பாட்டிமாரின் கைப்பக்குவம் ஏட்டில் ஏறாமலே மறைந்துவருவதைக் காணும் எனக்கு, அது அந்நிய தேசத்துக் கதையாகவே தோன்றவில்லை.

அடுத்து, மலேசியரே படைத்து 2020-இல் வந்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’, அதன் சங்கீதத்துக்காக. பிறகு, 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கிய டெட்ரிஸ்.

தங்கள் மகன் ‘வெண்பா’வை ஆடும்போது பாட்டியாரையும் அருகில் அமர்த்துங்கள், அழிந்த வரிகளை அவர் விளையாடாமலே சொல்லிவிடுவார்.