முதலில் தூண், பிறகு தொலைநோக்கி

கேள்வி: கொல்லையில் விண்மீன்களைப் படமெடுக்க ஒரு கூடம் கட்ட ஆசை. பணத்தைப் பெரிய தொலைநோக்கியில் போடுவதா, அழகான குவிமாடத்தில் போடுவதா?

பதில்: முதலில் மண்ணில் போடுங்கள்! பூமி சுழல்வதால், வான நடுக்கோட்டருகே உள்ள விண்மீன் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. 1000 மி.மீ. குவியத் தூரமும் 3.76 மைக்ரான் படப்புள்ளிகளும் உள்ள கருவியில், ஒரே நொடியில் அது சுமார் 19 புள்ளிகளைத் தாண்டிவிடும். அதைத் துரத்திப் பிடிப்பது தொலைநோக்கியைச் சுமந்து திருப்பும் தாங்கி. அந்தத் தாங்கி நிற்பது கான்கிரீட் தூணின் மேல். தூணுக்கும் தளத்துக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டால் உங்கள் காலடி அதிர்வு படத்தில் ஏறாது. தாங்கி தூணிலேயே நிலையாக இருப்பதால், துருவத்தை நோக்கி அதன் அச்சை இரவுதோறும் சரிசெய்யும் வேலையும் மிச்சம்.

குவிமாடம் காற்றைத் தடுக்குமே என்பீர்கள். தடுக்கும்தான். ஆனால் உள்ளே தங்கிய பகல் வெப்பம் அதன் பிளவு வழியே வெளியேறும்போது படம் கலங்கும். தண்டவாளத்தில் முழுதாக நகரும் கூரையென்றால் சூடு சீக்கிரம் தணியும், செலவும் குறைவு.

ஊர் வெளிச்சமா? 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி, ஒளிரும் நெபுலாக்களுக்குக் கைகொடுக்கும். அண்டங்களுக்கு அவ்வளவாக உதவாது.

1883-ல் லண்டனை அடுத்த ஈலிங்கில், பொறியாளர் ஆண்ட்ரூ காமன் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்தே ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். கண்ணுக்கு எட்டாத விண்மீன்களும் பதிந்தன. அவரிடம் 36 அங்குலக் கண்ணாடி இருந்ததே என்று கேட்கலாம். வானத்தை விடாமல் பின்தொடர முடிந்திராவிட்டால், அந்தக் கண்ணாடி வெறும் கோடுகளைத்தான் காட்டியிருக்கும்.