பூ அரைக்கிற மில்லு

டேய் பேராண்டி, இப்படி வா. பூந்தமல்லியில மாவு மில்லு வச்சிட்ட, சந்தோஷம். போர்டுல இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கியே, அது இன்னா கணக்கு? யூ போட்டா மாவு, டபிள்யூ போட்டா பூ. நீ டபிள்யூ போட்டிருக்க. மல்லிய அரைக்கிறியா, சாமந்திய அரைக்கிறியா? ஊரு பேரு பூவிருந்தவல்லி ஆச்சே, பொருத்தமா இருக்கட்டும்னு விட்டுட்டியோ?

சரி, மொகத்த தொங்கப் போடாத. வெள்ளைக்காரனுக்கே முன்னாடி ரெண்டும் ஒரே வார்த்தைதான். கோதுமையில நயமான மாவத்தான் அவன் பூவுன்னான். 1755-ல ஜான்சன் துரை அம்மாம்பெரிய அகராதி போட்டாரு, அதுலயும் மாவுக்குன்னு தனி எழுத்துக்கூட்டு கெடையாது. எவனாச்சும் சிரிச்சா, "நான் ஜான்சன் கட்சி"ன்னு சொல்லிடு.

ஆனா ஆவடி ரோட்டுல மெக்கானிக் ஷெட்டு வச்சிருக்கானே உன் மச்சான், அவனுக்கு ஜான்சனும் தொணைக்கு வரமாட்டாரு. பிரேக்குல கடைசியா நிக்க வேண்டிய 'ஈ'ய தூக்கி 'ஏ'வுக்கு முன்னாடி சொருகிட்டான். வண்டிய நிறுத்தற பிரேக்கு, ஒடைக்கிற பிரேக்கா ஆயிப்போச்சு. பையன் உள்ளத உள்ளபடி எழுதியிருக்கான்னு ஊர்ல பேச்சு.

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. எல்லாத்தயும் தமிழ்ல எழுது. நிறுத்தறதும் பிரேக்கு, ஒடைக்கிறதும் பிரேக்கு. எடையும் வெயிட்டு, காத்திருக்கறதும் வெயிட்டு. எந்த வாத்தியாரு வந்து தப்பு கண்டுபிடிப்பாரு?

ஆனா அதுலயும் உன்ன நம்ப முடியாதுடா. போர்டுக்குக் கீழ தமிழ்ல இன்னா எழுதியிருக்க? "மிளகாய் அறைத்துத் தரப்படும்." மொளகா உனக்கு இன்னா துரோகம் பண்ணுச்சி, அத ஏன் அறையற?

உன்னச் சொல்லி இன்னா. 2020 ஜூன்ல, ஊருப் பேர தமிழ்ல சொல்ற மாதிரியே இங்கிலீஷ்லயும் எழுதணும்னு 1018 ஊருக்கு எழுத்து மாத்தி ஆணை வெளியிட்டாங்க. தமிழ் வளர்ச்சிய அப்போ பாத்துக்கிட்டவரு, அன்னிக்கு நம்ம ஆவடி எம்.எல்.ஏ.வா இருந்த மாஃபா பாண்டியராஜன். இது இன்னா எழுத்துன்னு ஆளாளுக்குக் கெளம்பிட்டாங்க, அதே மாசம் வாபஸ். கோட்டைக்கே தண்ணி காட்டுன எழுத்து, உனக்கா அடங்கும்?

போர்ட மாத்தணும்னு அவசரப்படாத. நின்னு போட்டோ எடுக்கறவன், போறப்ப ஒரு கிலோ கேவுரு மாவும் வாங்கிட்டுப் போறான். மச்சான் போர்ட மட்டும் இன்னிக்கே எறக்கச் சொல்லு, என் வண்டி அவன் ஷெட்டுலதான் நிக்குது.