மூணு ஏக்கர் ஐயா

மலாக்காவில் எந்தத் தாமானுக்குப் போனாலும் மூலை வீட்டில் ஒரு மூணு ஏக்கர் ஐயா இருப்பார். ஆயர் குரோவில் இருக்கிறார், புக்கிட் பெருவாங்கில் இருக்கிறார், டுரியான் துங்காலில் புதிதாக எழும்பிய வீட்டு வரிசைக்கும் குடிவந்துவிட்டார். காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் தே தாரிக் கொராங் மானிஸ் சொல்லிவிட்டு, பக்கத்து மேசைக்காரர் கேட்காமலே தொடங்குவார். "தம்பி, அலோர் காஜா பக்கம் நமக்கு மூணு ஏக்கர் இருக்கு." நிலத்தை விற்றுச் சில வருடம் ஓடிவிட்டது. பணமும் பல வழிகளில் ஓடிவிட்டது. வாக்கியம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

நிலம் குடும்பத்துக்கு வந்த கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். தாத்தா காடு வெட்டுவார், கரடு உடைப்பார், கதை சொல்லும் நாள் மழைநாளாக இருந்தால் புலி ஒன்றும் வரும். உண்மையில் தாத்தா கங்காணி. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்வது அதைத்தான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலையையும் லயத்து வீட்டையும் இழந்தார்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டுகிறவர்களிடமே மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கக் கிளம்பியதும் அதனால்தான். அந்த அமளியில் கையில் ரொக்கம் வைத்திருந்த கங்காணி ஒரு துண்டை மடக்கிப் போட்டார். இதில் பெருமைப்பட அதிகம் இல்லை. புலியை நுழைப்பதன் காரணமும் அதுவாக இருக்கலாம்.

நிலம் கையில் இருந்த நாற்பது சொச்ச வருடத்தில் ஐயா அங்கே போனது வருடத்துக்கு இரண்டு முறை: டுரியான் விழும்போது ஒன்று, நில வரிக் கடிதம் வரும்போது ஒன்று. அரசாங்க உத்தியோகம், பட்டணத்து வீடு. கொசு கடித்தால் தடிப்பு வரும் உடம்பு வேறு. மரத்தைப் பாதிக்குப் பாதி வாரத்துக்கு விட்டிருந்தார். ரப்பர் விலை விழுந்தபோது வெட்டுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அது ஐயாவுக்குத் தெரிய அடுத்த டுரியான் பருவம் ஆயிற்று.

பிறகு அதிவேக ரயில் வந்தது. வரவில்லை, வரும் என்ற செய்தி வந்தது. 2013இல் கோலாலம்பூர் - சிங்கப்பூர் ரயில் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஆயர் குரோவில் ஒரு நிலையம் என்றதும் மலாக்காவில் நிலம் வைத்திருந்தவர்களின் நடையே மாறிப்போயிற்று. ஐயா வரைபடத்தை அச்செடுத்து, தன் மூணு ஏக்கருக்கும் ஆயர் குரோவுக்கும் இடையே அடிக்கோலால் கோடு போட்டார். கோடு நீளமாகத்தான் இருந்தது. "ரயிலுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?" என்றார். கேட்டு வந்த சீனத் தவுக்கேயிடம் விலையை இரட்டிப்பாக்கினார். 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டபோது மறுபடி உயர்த்தினார். 2021 புத்தாண்டு அன்று, திட்டம் கைவிடப்பட்டதாக இரண்டு அரசும் அறிவித்தன. ஐயா பொங்கலுக்குள் தவுக்கேயின் கைப்பேசி எண்ணைத் தேடத் தொடங்கிவிட்டார்.

தேட எளிதாக இருந்தது அந்த எண் ஒன்றுதான். அப்பா போன கையோடு கிராண்டில் பிள்ளைகள் நால்வர் பெயரும் ஏறியிருந்தன. ஏற்றியது நில அலுவலகம். இறக்க வேண்டியது ஐயா. கிள்ளானில் இருந்த அக்கா, அப்பா சாகும் தறுவாயில் "டுரியான் மரத்தை மட்டும் வெட்டாதீங்க" என்று சொன்னதாக அழுதார். ஜொகூர் பாருவிலிருந்து தினம் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்த தம்பி, எந்த விலையையும் சிங்கப்பூர் டாலரில் மாற்றிப் பார்த்து "இவ்வளவுதானா?" என்றார். பெர்த்தில் குடியேறிய கடைசித் தங்கைக்கு நிலம் எந்தப் பக்கம் என்பதே நினைவில்லை. ஆனாலும் விற்பதில் மனம் ஒப்பவில்லை. வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினார்கள். முதல் மாதம் தாத்தா படம், இரண்டாம் மாதம் வணக்கமும் பூங்கொத்தும், மூன்றாம் மாதம் சண்டை. கடைசியில் நால்வரும் கையெழுத்திட்டது, தவுக்கே "வேற நிலம் பாத்துக்கிறேன்" என்று சொன்ன மறுநாள்.

விற்றது 2022இல். ஐந்து வருடத்துக்கு மேல் சொத்தை வைத்திருந்து விற்கும் குடிமகனுக்கு நில லாப வரி கிடையாது என்ற சலுகை அந்த வருடம்தான் மறுபடி நடப்புக்கு வந்தது. நிதியமைச்சர் தன்னை மனத்தில் வைத்தே அதைச் செய்ததாக ஐயா நினைக்கிறார். பத்து விழுக்காடு முன்பணம், மூன்று மாதத் தவணை, அதன்மேல் வட்டியோடு ஒரு மாதம் என்று லோயர் விளக்கியதை மனப்பாடம் செய்துகொண்டார். இப்போது தாமானில் யாராவது பழைய மோட்டார் சைக்கிளை விற்றாலும் "மூணு பிளஸ் ஒண்ணு போட்டியா?" என்று கேட்கிறார்.

எவ்வளவுக்கு விற்றார் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. சம்பந்தியிடம் சொன்ன விலைக்கு ஆயர் குரோவில் ஒரு தாமானையே வாங்கலாம். கோயில் திருப்பணிக் குழு ரசீதுப் புத்தகத்தோடு வந்தபோது சொன்ன விலைக்கு மரங்களின் விறகுகூடக் கட்டுப்படியாகாது. மருமகனிடம், "எல்லாம் உங்க அத்தை பேர்ல போட்டாச்சு மாப்பிள்ளை" என்று வாயைக் கட்டிவிட்டார். நிஜ விலை தெரிந்தவர்கள் லோயரும் மனைவியும். லோயர் தொழில் முறையில் பேசமாட்டார். மனைவி பேசுவார், ஆனால் அவர் பேச்சு வேறு.

"நெலம் இருந்தப்போ கூப்பிட்டா கொசுங்கிறது, சேறுங்கிறது. இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா காடியை எடுத்துக்கிட்டு ஓடுறாரு. அங்க என்ன, சின்ன வீடா வச்சிருக்காரு?"

மனைவி சொல்வது பொய்யில்லை. ஓய்வு பெற்றதும் ஐயாவுக்குள் பெரிய கங்காணி விழித்துக்கொண்டார். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, யாரும் கூப்பிடாத பெரட்டுக்குப் புறப்படுவார். மூலை வீட்டின் பக்கவாட்டு மண்ணில் கறிவேப்பிலை, முருங்கை, பாண்டான் மூன்றையும் ஓர் உலா வந்து எண்ணுவார். நகராண்மைக் கழகத்துக்காகப் புல் வெட்ட வரும் வங்காளதேசத்து இளைஞரின் பின்னாலேயே நடந்து விட்டுப்போன புல்லைக் காட்டுவார். அது முடிந்தும் பொழுது மிச்சம் இருக்கும். ஞாயிறு வந்தால் அலோர் காஜா.

தவுக்கே ரப்பரை அடியோடு சாய்த்து மூசாங் கிங் கன்று வைத்திருக்கிறார். பழைய கம்போங் டுரியான் இரண்டு மட்டும் நிற்கின்றன. ஐயா காடியை ஓரம் கட்டி, பின்னால் கட்டிய கைகளோடு வரிசையைப் பார்த்து, "இடைவெளி பத்தாது" என்று தலையசைப்பார். கேட்டில் இருக்கும் மியன்மார்க்காரர் அவரைக் கண்டதும் "போஸ்!" என்று எழுந்து நிற்கிறார். நாற்பது வருடச் சொந்தக்காரராக இருந்தபோது அந்த நிலத்தில் அவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பருவத்தில் தவுக்கே மரியாதைக்கு இரண்டு பழம் கொடுத்தனுப்புவார். அதை ஐயா தெரு முழுக்க ஆளுக்கு ஒரு சுளையாகப் பங்கு போடுவார்: "நம்ம மரத்துது."

விற்றதற்கு ஐயா ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறார். மலாக்காக்காரர் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டது மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று. பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். 1906இல் லண்டன் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். இந்த வரலாறு ஐயாவுக்கு அத்துப்படி. "அவரே வித்தாரு தம்பி" என்பார். விற்ற பிறகு ஞாயிறுதோறும் டான் சே யான் அங்கே போய் இடைவெளி அளந்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை.

2023இல் அதிவேக ரயிலைத் தனியார் நிறுவனங்கள் வழி மீண்டும் எடுக்கலாமா என்று அரசாங்கம் யோசனை கேட்டது. அன்று ஐயா ஒட்டுக்கடைக்கு வரவில்லை.

மலாக்காப் பக்கம் நிலம் வாங்கும் யோசனை உள்ளவர்கள் கிராண்டைப் பாருங்கள், வரி பாக்கியைப் பாருங்கள், விற்கிறவர் வேலையில் இருக்கிறாரா ஓய்வு பெற்றவரா என்பதையும் விசாரியுங்கள். ஓய்வு பெற்றவர் என்றால் கேட்டுக்கு ஒரு சாவி கூடுதலாகச் செய்து கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.