விபத்து: பூஜ்யம்

அமெரிக்காவில் சரக்கு லாரியின் கதவில் மத்தியப் போக்குவரத்துத் துறை கொடுத்த எண் ஒன்று எழுதியிருக்கும். அரசின் ‘சேஃபர்’ இணையதளத்தில் அதைத் தட்டினால் கம்பெனியின் ஜாதகமே வந்துவிடும்: எத்தனை லாரி, எத்தனை டிரைவர், இரண்டு ஆண்டுகளில் எத்தனை விபத்து. தப்பு யார் மேல் என்பது மட்டும் இருக்காது. லாரிக் கணக்கும் கம்பெனியே சொன்னதுதான். பாதுகாப்புத் தரம் என்ற கட்டமோ பெரும்பாலும் காலி. காலி என்றால் உத்தமர் என்று பொருளல்ல. அதிகாரி யாரும் இன்னும் போய்த் தரம் போடவில்லை, அவ்வளவுதான்.

முன்பு கம்பெனிகளின் பாதுகாப்பை ஒப்பிடும் தரவரிசை ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. 2015-இல் சட்டம் போட்டு, சரக்கு லாரிகளுக்கு மட்டும் அதைத் திரைக்குப் பின்னால் தள்ளினார்கள். பஸ் கம்பெனிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. சரக்கு புகார் எழுதாது, பாருங்கள்.

பதிவேடு ரொம்பவே நாறிப்போனால்? கடையை மூடிவிட்டு, மைத்துனி பெயரில் 300 டாலர் கட்டிப் புது உரிமம் கேட்கிறவர்கள் உண்டு. சட்டவிரோதம்தான். அங்கே இவர்களுக்குப் ‘பச்சோந்தி கம்பெனி’ என்று பெயர். அதே லாரி, அதே டிரைவர், அதே தேய்ந்த பிரேக். புது எண்ணைத் தட்டிப் பாருங்கள். விபத்து: பூஜ்யம்.