உவனை வெளியில எடுங்கோ

பாசையூர், நாவாந்துறை, குருநகர், இளவாலை. யாழ்ப்பாணத்தில் எந்த மைதானத்தின் கோட்டோரத்தில் போய் நின்றாலும் உதைபந்தாட்ட நிபுணர்களுக்குக் குறைவில்லை. பின்வரிசையில் பெக்காக நிற்கும் பெடியன் எண்பது நிமிடம் எதிரணி ஃபோர்வேர்டை ஓரத்துக்கு ஒதுக்கியே வைத்திருப்பான். அது ஒருவர் கண்ணிலும் படாது. எண்பத்தோராவது நிமிடம் பந்து முழங்காலில் பட்டுத் தெறித்து எதிரியின் காலுக்குப் போகும். உடனே மதிலுக்கு மேலிருந்து தீர்ப்பு வரும்: "உவனை வெளியில எடுங்கோ! உவனுக்கு ஆர் சப்பாத்து வாங்கிக் குடுத்தது?" அவன் விடிய விடியக் கடலில் வலை இழுத்துவிட்டு வந்து நிற்கிறான். தீர்ப்பளித்த அண்ணருக்கு அந்த மதிலில் ஏறவே இரண்டு பேர் தோள் கொடுத்திருப்பார்கள்.

பெக் நன்றாக ஆடினால் எதுவும் நடக்காது. நடக்காமல் போன கோலுக்கு யார் கைதட்டுவார்? பெரிய இடத்திலும் இதே கூத்துத்தான். மான்செஸ்டர் யுனைட்டட் 2001இல் தன் பெக் யாப் ஸ்டாமை இத்தாலியின் லாட்சியோவுக்கு விற்றது. அவர் பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்ற புள்ளிவிபரமும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். விற்றது பிழை என்று பயிற்றுநர் பெர்குசனே பிறகு ஒப்புக்கொண்டார். எங்கள் மதில் நிபுணர்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

சரி, தவறவிட்ட பந்துக்குத்தான் கணக்கு என்றால் எல்லாருக்கும் எழுதுவோம். முதலில் பிரதம விருந்தினர். நாலு மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கு வருவார். அதுவரை இருபத்திரண்டு பேரும் வெயிலில் வரிசை. மாலை, பொன்னாடை, மங்கல விளக்கு. பிறகு பளபளக்கும் சப்பாத்தோடு நடுக்கோட்டுக்குப் போய் ஓர் உதை. பந்து கோணலாய் உருண்டு வேலியோரம் போய் நிற்கும். சின்னப் பெடியன் ஓடிப்போய் எடுத்து வருவான். ஒலிபெருக்கி உருகும்: "ஐயா அவர்கள் மிகச் சிறப்பாக உதைத்து ஆட்டத்தை ஆரம்பித்து வைத்திருக்கிறார்!" யாழ்ப்பாணத்தில் பொன்னாடை வாங்கிய மிஸ் பாஸ் இது ஒன்றுதான்.

அடுத்து, யாழ்ப்பாணத் துரையப்பா விளையாட்டரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூனில் இந்தியப் பணத்தில் திருத்தித் திறந்தார்கள். மேடையில் ஜனாதிபதி, டில்லியிலிருந்து திரையில் மோடி. 1,850 இருக்கைகள். இதே மைதானத்தை 1999இல் திருத்தக் கிண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வந்தன. அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. மேலே ஓடுகிறவனின் பிழைகள் விரல் விட்டு எண்ணப்படுகின்றன. கீழே கிடந்தவர்களின் கணக்கை எழுதக் கொப்பி இல்லை.

செத்தவர் கணக்குக் கிடக்கட்டும். உயிரோடு ஓடுகிறவனின் கணக்காவது? 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் தூக்கிய நாடு இது. 2023 ஜனவரியில் பீபா இந்த நாட்டையே ஆட்டத்திலிருந்து வெளியேற்றியது. காரணம் பெக் விட்ட பந்தல்ல. உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு. கதிரைச் சண்டை கொழும்பில், தண்டனை எல்லா ஊர்ப் பெடியனுக்கும். பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தபோது இலங்கை இல்லை. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. ஏழு மாதம்! அதற்காக எந்த மதிலிலிருந்து யார் கத்தினார்கள்? எந்தக் கோட் சூட்டை வெளியில எடுக்கச் சொன்னீர்கள்?

நிர்வாகிக்கு வயது போனால் பதவி கூடும். பெக்குக்கு வயது போனால் கால் இழுக்கும். அவனுடைய இருபத்திரண்டாவது வயதின் ஏழு மாதத்தை எந்தப் பொதுக்கூட்டத் தீர்மானமும் திருப்பித் தராது. இருபத்தெட்டில் அவன் கொஞ்சம் பிந்தி ஓடினால் "உவன் முடிஞ்சான்" என்று நீங்கள்தான் சொல்வீர்கள். முடித்தது ஆர் என்று மட்டும் கேட்கமாட்டீர்கள். அடுத்த ஆட்டத்துக்குப் பிரதம விருந்தினராக அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.